கப்பலின் நெடுக்குச் சாய்வு: மதராசுக் கடலிலிருந்து அம்பத்தூர் எடைமேடை வரை

சரக்குக் கப்பலின் முன்பக்கம் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழத்துக்கும் பின்பக்கம் அமிழ்ந்திருக்கும் ஆழத்துக்கும் உள்ள வேறுபாடே நெடுக்குச் சாய்வு. மாலுமிகள் இதை 'டிரிம்' என்பர். தமிழ்க் கடலோடிகளின் வழக்கில் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அமரம் சற்றே தாழ்ந்திருந்தால் புரொப்பெல்லரும் சுக்கானும் நன்கு மூழ்கி வேலை செய்யும். அணியம் தாழ்ந்தால் கப்பல் சுக்கானுக்கு எளிதில் கட்டுப்படாது. எதிரலையும் மேல்தளத்தில் ஏறும்.

பாய்மரக் காலத்தில் கப்பலை நிலைப்படுத்த அதன் அடியில் கல்லும் மணலும் நிரப்பப்பட்டன. அவற்றை ஆட்களே சுமந்து ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. 1852-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட 'ஜான் போவ்ஸ்' என்ற நிலக்கரிக் கப்பல் இதற்குக் கடல்நீரையே பயன்படுத்தியது. அக்காலத்தில் மதராசுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து மூட்டைகளைக் கொண்டுசெல்லும். தொல்லை பிடித்த முறைதான். ஆனால் ஏறும் சரக்கு மாலுமிகளின் கண்முன்னே இருந்தது.

1983-இல் சென்னையில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டபின் நிலைமை மாறியது. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களின் இரும்புப் பாகங்கள் பெட்டிக்குள் முத்திரையிடப்பட்டே துறைமுகம் வந்தன. உள்ளே என்ன எடை என்பதைக் கப்பல் அதிகாரி தாளில்தான் பார்க்கிறார்.

சாய்வுக் கணக்கு எளியது. எடையை அது நகரும் தூரத்தால் பெருக்கி, சாய்வை 1 சென்டிமீட்டர் மாற்றத் தேவையான திருப்புத்திறனால் வகுக்க வேண்டும். அத்திறன் 500 டன்-மீட்டர் எனில், 100 டன்னை 50 மீட்டர் நகர்த்தும்போது சாய்வு 10 சென்டிமீட்டர் மாறும். பெட்டிக்கு 5 டன் வீதம் 20 பெட்டிகளில் எடை மறைக்கப்பட்டால் அதுவும் 100 டன்தான். ஆனால் எந்தக் கணக்கிலும் வராது.

2007 சனவரியில் ஆங்கிலக் கால்வாயில் வீசிய புயலில் 'எம்எஸ்சி நெப்போலி' கப்பலின் உடல் பிளந்தது. உயிர்காப்புப் படகில் இறங்கிய 26 பேரும் மீட்கப்பட்டனர். பின்னர், மேல்தளத்தில் நனையாதிருந்த 660 பெட்டிகளை எடைபோட்டபோது, 137 பெட்டிகள் அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டன. ஒன்றில் வேறுபாடு 20 டன். உடலின் வலுக்குறைவே பிளவுக்கு முதன்மைக் காரணம் என்றாலும், எடைப் பொய் அதன் பாதுகாப்பு வரம்பை மேலும் சுருக்கியிருந்தது.

2016 சூலை 1 முதல் எடை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது பன்னாட்டு விதி. அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ சரக்கை ஏற்றும் நிறுவனம், நிரப்பிய பெட்டியை எடைமேடையில் நிறுக்கலாம். அல்லது சரக்கு, பொதியும் பொருள், வெற்றுப் பெட்டி ஆகியவற்றின் எடையைக் கூட்டிக் காட்டலாம். எம்முறையானாலும் பொறுப்பாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும்.

புறப்படும் முன் கப்பலின் முன், நடு, பின் பகுதிகளில், இரு பக்கமும் எழுதப்பட்ட ஆழக்குறிகள் படிக்கப்படுகின்றன. கணக்கோடு அவை பொருந்தாவிட்டால் முனைத் தொட்டிகளின் நீரை மாற்றிச் சாய்வைச் சரிசெய்யலாம். ஆனால் தவறான எடைப் பரவலால் கப்பலின் உடலில் ஏறும் வளைவுவிசையை அந்த நீர் நீக்குவதில்லை. சில வேளைகளில் அதைக் கூட்டியும் விடும்.