பூட்டுப் படமும் புலி முத்திரையும்: அரிக்கமேட்டில் ஒரு நம்பிக்கைக் கணக்கு

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

அரியாங்குப்பத்துல என் சித்தி இருக்காங்க. வீட்டுத் திண்ணையிலேயே தையல் கடை. போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணாங்க. "தம்பி, மெஷின் இன்னும் வரலடா. அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்னே வருது." விளம்பரத்துல பார்த்த ஒரு வெப்சைட்ல, மோட்டார் வச்ச தையல் மெஷினைப் பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. சித்தி 6,500 ரூபாய் கட்டிட்டாங்க. நான் கொஞ்சம் கோபமாவே கேட்டேன்: "தெரியாத சைட்ல எதுக்கு சித்தி பணம் கட்டினீங்க?"

"நீதானேடா சொன்ன, பூட்டு இருந்தா பயமில்லைன்னு. பாத்தேன். இருந்துச்சு."

ஆமா, நான்தான் சொன்னேன். நாலு வருஷம் முன்னாடி, அவங்களுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தப்போ. என் வேலையே வெப்சைட் கட்டுறதுதான். அந்தப் பூட்டுக்கு உண்மையில என்ன அர்த்தம்னு தெரிஞ்சும், சுலபமா இருக்கட்டும்னு அரைகுறையா சொல்லி வச்சிட்டேன்.

அந்த வார சனிக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் மனசு சரியில்லாம அப்படியே காக்காயந்தோப்புப் பக்கம், அரிக்கமேடு வரைக்கும் நடந்தேன். அங்கே போனா முதல்ல கண்ணுல படுறது இடிஞ்ச செங்கல் சுவர்கள். பார்க்கிற எல்லாரும் "ஆஹா, ரோமானியர் காலம்"னு செல்ஃபி எடுப்பாங்க. ஆனா அது 18-ம் நூற்றாண்டுல பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டின கட்டடம். ரெண்டாயிரம் வருஷத்துப் பழைய ஊர் மண்ணுக்கு அடியில இருக்கு. பார்வைக்குப் பழசா இருக்கிறது வேற, பழசாவே இருக்கிறது வேற.

இந்த ஏமாற்றம் சுற்றுலா வர்றவங்களுக்கு மட்டும் இல்ல. 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினப்போ, இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புப் பாத்திரங்களோட உடைஞ்ச துண்டுகள் கிடைச்சது. சிலதுல செஞ்சவரோட முத்திரையே இருந்தது. அந்த வகைப் பாத்திரம் எப்போ செய்யப்பட்டதுன்னு ஐரோப்பாவுல தெரியும். அதை வச்சு அரிக்கமேட்டுக்கு ஒரு காலம் குறிச்சார் வீலர். அது வரைக்கும் சரியான முறைதான். ஆனா அதே இடத்துல உள்ளே வட்டவட்டமா புள்ளிக்கோலம் போட்ட ஒரு நேர்த்தியான மண்பாண்டமும் கிடைச்சது. இவ்வளவு அழகா இருந்தா அது மத்தியதரைக் கடல் பக்கம் இருந்துதான் வந்திருக்கணும்னு ரொம்ப நாள் நம்பினாங்க. பின்னாடி களிமண்ணையே ஆராய்ஞ்சு பார்த்தா, அது இந்தியாவுல செஞ்சது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டினப்போ, ஊரும் வீலர் சொன்னதை விட முன்னாடியே தொடங்கி, ரொம்பப் பின்னாடி வரைக்கும் இருந்திருக்குன்னு தெரிஞ்சது. தோற்றம் ஒண்ணு சொன்னது, மண் வேற சொன்னது.

சரி, அந்தக் காலத்து வியாபாரி என்ன பண்ணியிருப்பான்? கடல் தாண்டி ஒருத்தன் வர்றான். மொழி தெரியாது, முகம் தெரியாது. கையில ஏதோ ஒரு ராஜா தலை போட்ட காசு. இதை நம்பலாமா?

முதல்ல முத்திரையை எடுத்துக்குவோம். காவிரிப்பூம்பட்டினத்துல சுங்கக்காரங்க சரக்கு மேல சோழரோட புலி முத்திரை போட்டதைப் பட்டினப்பாலை சொல்லுது. அந்தப் புலிக்கு என்ன அர்த்தம்? இந்த மூட்டை சுங்கத்தைத் தாண்டி வந்திருக்கு, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற மிளகு நல்ல மிளகுன்னு புலி சொல்லல.

பிரவுசர் பூட்டும் அதே புலிதான். உங்க போனுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல யாரும் ஒட்டுக்கேட்க முடியாதுன்னு மட்டும்தான் அது சொல்லுது. அந்தப் பக்கம் இருக்கிறவன் யோக்கியனான்னு அதுக்குத் தெரியாது. 2015 கடைசியில லெட்ஸ் என்கிரிப்ட் வந்ததுக்கு அப்புறம், அதுக்கான சான்றிதழ் யாருக்கும் இலவசமா, சில நிமிஷத்துல கிடைக்குது. இந்த டொமைன் உன் கையில இருக்கான்னு மட்டும்தான் கேட்பாங்க. வெப்ல பாதுகாப்பு பரவ இது பெரிய நல்ல காரியம். ஆனா திருடனும் அதே வரிசையில நின்னு வாங்கிக்கலாம். மக்கள் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்கன்னு சொல்லி 2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துட்டாங்க. சித்தி பார்த்த பூட்டு, பணம் கட்டுற பக்கத்துல அந்த சைட்காரனே வரைஞ்சு வச்ச படம்.

அடுத்தது காசு. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியத் தங்கக் காசுகள் புதையலாக் கிடைச்சது. பெரும்பாலானதுல பேரரசர் தலை மேலேயே உளியால வெட்டு. உள்ளேயும் தங்கம்தானான்னு பார்க்க வெட்டினாங்கன்னு ஒரு கருத்து. இனி இது காசு இல்ல, வெறும் தங்கம்னு காட்ட வெட்டினாங்கன்னு இன்னொரு கருத்து. எப்படிப் பார்த்தாலும், முகத்துக்கு இங்கே மரியாதை இல்ல. உலோகத்துக்குத்தான்.

இதுக்குப் பொருத்தமா ஒரு கதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கார். முதலாம் நூற்றாண்டுல காத்துல அடிச்சுட்டுப் போன ஒரு ரோமானியக் கப்பல்காரன் இலங்கையில கரை ஒதுங்குறான். அவன்கிட்ட இருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்த ராஜா அசந்துட்டாராம். ஏன்னா காசுகள்ல வேற வேற ஆட்களோட முகம், ஆனா எல்லாம் ஒரே எடை. இந்த ஊர் நாணயமான ஊர்னு முடிவு பண்ணி, ரோமுக்குத் தூதர்களை அனுப்பினாராம். பிளினி தன் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனா ராஜா செஞ்சதாச் சொல்ற சோதனை ரொம்பச் சரி: முகத்தைப் பார்க்காதே, எடையை ஒப்பிட்டுப் பார். தமிழ்ல காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்'னு ஒரே சொல் இருக்கிறது இந்த இடத்துல எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொண்ணு. கி.பி. 64 வாக்குல நீரோ வெள்ளிக் காசோட எடையையும் தரத்தையும் குறைச்சார். இந்தியாவுல கிடைக்கிற ரோமானிய வெள்ளிக் காசுகள்ல பெரும்பாலும் அதுக்கு முந்தின அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான். நம்ம வியாபாரிங்க பழைய காசையே கேட்டு வாங்கினாங்கன்னு பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க.

அப்போ ஒரு வெப்சைட்டோட எடையை எப்படிப் பார்க்கிறது? சைட்காரன் தானே வரைஞ்சுக்க முடியாத விஷயத்தைப் பாருங்க. டொமைன் எப்போ பதிவாச்சுன்னு ஹூ-ஈஸ் தேடல்ல தெரியும். 'இருபது வருஷப் பாரம்பரியம்'னு சொல்ற கடை மூணு வாரம் முன்னாடி பிறந்திருந்தா, வெளியே வந்துடுங்க. ஜிஎஸ்டி எண் போட்டிருந்தா, ஜிஎஸ்டி போர்ட்டல்ல தேடுங்க. அங்கே வர்ற பெயர், சைட்ல இருக்கிற பெயர், யுபிஐ-ல பணம் அனுப்பறதுக்கு முன்னாடி காட்டுற பெயர், மூணையும் ஒப்பிடுங்க. அடுத்தவன் எண்ணைத் திருடிப் போட்டிருந்தா இங்கே மாட்டுவான். முகம் மூணு, எடை ஒண்ணான்னு பார்க்கிற அதே வேலைதான்.

இதெல்லாம் தாண்டியும் ஏமாந்துட்டா, உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. நேரம்தான் முக்கியம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள தடுக்கப் பார்ப்பாங்க. சித்தி பதினோரு நாள் கழிச்சுத்தான் என்கிட்ட சொன்னாங்க. நான் திட்டுவேன்னு பயம். புகார் கொடுத்திருக்கோம், பணம் இன்னும் வரல.

அதனால ஏமாந்தவங்களைத் திட்டாதீங்க மக்களே. திட்டினா அடுத்த தடவை இன்னும் லேட்டாத்தான் சொல்லுவாங்க. நான் சித்திகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவங்க துணியை மெஷின்ல நகர்த்திக்கிட்டே, "விடு தம்பி. துணிக்கடைக்காரன் ஒரிஜினல் பட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டித்தான் தருவான். நான் ஒரு இழையை உருவி எரிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன். போன்ல எந்த இழையை உருவறதுன்னு நீ முதல்லயே சொல்லியிருக்கலாம்"னாங்க.

சொல்லியாச்சு சித்தி. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.