கூலி: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு சொல் பிறந்த வீட்டில் ஒரு பொருளும் புகுந்த வீட்டில் வேறொரு பொருளும் பெறுதல் மொழி வரலாற்றில் புதிதன்று. ஆயினும், புகுந்த வீட்டில் இழிவுற்று, அவ்விழிவோடு பிறந்த வீட்டார் மீதே திரும்பி வந்து விழுந்த சொற்கள் மிகச் சிலவே. 'கூலி' அவற்றுள் ஒன்று.

ஆங்கில அகராதியில் இச்சொல்லைத் தேடும் மாணவன், கீழ்த்திசை நாடுகளின் உடலுழைப்பாளன் என்ற பொருளையும், இஃது இழிவுக் குறிப்புடைய வழக்கு என்ற எச்சரிக்கையையும் காண்பான். ஆங்கில–இந்தி அகராதியைப் புரட்டினால் 'குலீ' என்றே பொருள் எழுதியிருக்கும். தமிழிலோ இதன் முதற்பொருள் ஆளைக் குறிப்பதன்று. உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியத்தைக் குறிப்பது.

பிறந்த வீட்டில்

திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்து 619ஆம் குறளில் இச்சொல் வருகின்றது. ஊழ் துணை நில்லாதபோதும் முயற்சி வீண்போகாது என்பதை உணர்த்துமிடத்து, உடல் வருந்தியதற்குக் கிடைக்கும் பயனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் இதுவே. அங்கே இழிவின் நிழல்கூட இல்லை. கூலமாகிய தானியத்தை அளந்து கொடுத்தமையால் கூலி எனப் பெயர் வந்தது என்பாரும் உளர்.

நாட்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுகூலி, பொற்கொல்லர் பெறும் செய்கூலி ஆகிய வழக்குகள் யாவும் ஊதியத்தையே சுட்டுவன. மனிதனைச் சுட்ட வேண்டின் தமிழ் மற்றொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளும்: கூலியாள், கூலிக்காரன். உழைப்பவன் வேறு, அவன் பெறுவது வேறு என்ற தெளிவு இவ்வமைப்பிலேயே உண்டு.

ஆங்கிலம் ஏறிய கதை

ஐரோப்பிய வணிகர் எழுத்துகளில் இச்சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆளைக் குறித்து வழங்கியது. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம் இதன் மூலத்தை ஆராய்கின்றது. கூர்ச்சரத்துக் 'கோலி' என்னும் மக்களின் பெயரே மூலம் என்பது ஒரு கருத்து. தமிழ்க் 'கூலி'யே மூலம் என்பது மற்றொன்று. இரண்டும் துறைமுகங்களில் கலந்து ஒன்றாயின என்று கொள்வாரும் உளர். தமிழ்வழி வந்ததாகக் கொள்ளின், அயலார் 'ஆள்' என்ற பகுதியை உதிர்த்துவிட்டு ஊதியத்தை மட்டும் மனிதன் மேல் ஏற்றினர் என்பது புலனாகும்.

இந்தியில்

இந்தியில் நெடில் குறுகிக் 'குலீ' ஆயிற்று. இன்று அங்கே இதற்குப் பெருவழக்கான பொருள், இரயில் நிலையத்தில் செஞ்சட்டை அணிந்து சுமை தூக்குபவர் என்பதே. பொதுவான உழைப்பாளியைக் குறிக்கப் பாரசீகத்திலிருந்து வந்த 'மஜ்தூர்' என்ற சொல் உண்டு. அவர் பெறும் ஊதியம் 'மஜ்தூரி'. ஆளுக்கு ஒரு சொல்லும் ஊதியத்துக்கு ஒரு சொல்லுமாக அங்கும் அத்தெளிவு காக்கப்பட்டுள்ளது.

இமயமலைச் சாரலான குமாவூனில் இச்சொல் அடைந்த நிலை இரங்கத்தக்கது. ஆங்கிலேய அதிகாரிகளின் சுமைகளை மலைவாழ் மக்கள் கட்டாயமாகச் சுமக்க வேண்டியிருந்தது. இவ்வழக்கத்துக்குக் 'குலீ பேகார்' என்று பெயர். பேகார் என்பது ஊதியமில்லாக் கட்டாய உழைப்பு. ஊதியத்தைக் குறித்த சொல், ஊதியமின்மையோடு இணைந்து நின்ற கொடுமை ஈது. 1921ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பாகேசுவரத்தில் நடந்த உத்தராயணி விழாவில், பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில் மக்கள் அக்கட்டாய உழைப்புக்கான பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர்.

பின்னர் 2016ஆம் ஆண்டு இரயில்வே வரவு செலவுத் திட்டத்தில், நிலையத்துச் சுமைதூக்குவோர் இனி 'சகாயக்', அதாவது உதவியாளர், என அழைக்கப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது.

கடல் கடந்த பின்

1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர் மொரீசியசுத் தீவுக்குத் திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் கரையேறிய போர்ட் லூயிஸ் படித்துறை நெடுங்காலம் 'கூலி காட்' எனப்பட்டது. இன்று அதன் பெயர் ஆப்ரவாசி காட். 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலோ இந்தியர் அனைவருமே கூலிகள் எனப்பட்டனர். 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டதை அவர்தம் வாழ்க்கை வரலாற்றிலேயே காணலாம்.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது; கங்காணி முறையும் 1938இல் இந்திய அரசின் தடையால் ஓய்ந்தது. சொல் மட்டும் லயங்களை விட்டு அகலவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை; மேலாளர்கள் எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கமும் ஒழிய வேண்டும் என்று கேட்கப்பட்டது. கூலியைக் கேட்ட அதே வாய், தாம் கூலிகள் அல்லர் என்பதையும் சொல்லிற்று. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெயரில் நின்ற சொல் 'தொழிலாளர்' என்பதேயாகும்.

வகுப்பறையில்

ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கூலி' என்றே பொருள் எழுதும் மாணவன் ஒலியை எழுதினானேயன்றிப் பொருளை எழுதினானல்லன். கூலியாள், சுமைதூக்குவோர், தொழிலாளர் என இடத்துக்கேற்ற சொல்லை அவனுக்குக் காட்டுதல் ஆசிரியர் கடன். பாட்டன் பெற்றது கூலி. பாட்டன் கூலி அல்லன். இவ்வேறுபாட்டை அறிந்த பிள்ளை, வள்ளுவர் ஆண்ட இச்சொல்லை நாணமின்றி எடுத்து ஆள்வான். பிறர் அதனை வசையாக எறியும்போது அதன் பிழையையும் எடுத்துரைப்பான்.