றாஸ்பெரி இலைத் தேநீர்: யாரிடம் பழகிய மருந்து?

தேநீர் எண்டால் எங்களுக்குத் தேயிலைதான். ஆனால் 1773 இல் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டின காலத்தில், வரி விதிச்ச தேயிலை வேண்டாம் என்ற அமெரிக்கக் குடியேற்றவாசிகள் றாஸ்பெரி இலையைக் காயவைத்து ஊற்றிக் குடித்தார்கள். 'ஹைப்பீரியன் தேநீர்' எண்டு பெரிய பெயர் வேற.

அதே இலை பேறுகால மருந்தாகவும் இருந்தது. வைத்தியப் பட்டம் இல்லாத விவசாயி சாமுவேல் தொம்சன், 1822 இல் வெளியிட்ட நூலில், பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கு இதைக் கொடுக்கச் சொல்கிறார். சிறுவயதில் அவர் மூலிகை பழகினது பென்ரன் என்ற கைம்பெண்ணிடம். 1813 இல் அவருடைய மருத்துவ முறைக்குக் கிடைத்த காப்புரிமையோ தொம்சனின் பெயரில். எங்களை உறுத்துவது இந்த இடம்தான்.

1941 இல் பேர்ன், விதெல் என்ற இரு ஆய்வாளர்கள் 'லான்செற்' இதழில், இலைச்சாறு கருப்பைத் தசையைத் தளர்த்துவதாக எழுதினார்கள். சோதித்தது விலங்குகளில். பெண்களிடம் ஒழுங்காகப் பரிசோதித்த அவுஸ்திரேலிய ஆய்வு வெளிவர 2001 ஆயிற்று. முதற்பிரசவப் பெண்கள் 192 பேர். 32 ஆவது வாரத்திலிருந்து பாதிப்பேருக்கு இலை மாத்திரை. தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் தெரியவில்லை. பிரசவத்தின் முதற்கட்டம் குறையவில்லை. இரண்டாம் கட்டம் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குக் கிட்டக் குறைந்தது. அவ்வளவு பேரை வைத்து அதையும் உறுதியாகச் சொல்ல ஏலாது.

இண்டைக்கும் இந்த இலை கர்ப்பிணிகளுக்கான தேநீர் எண்டு பெட்டியில விக்குது. வாங்க முதல் கிளினிக்கில ஒருக்கா கேளுங்கோ. அந்த ஆய்வில் ஒருவருக்கும் தேநீர் கொடுக்கவில்லை.