கண்ணீரின் மடை

அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதை நாம் அறிவோம். ஒவ்வொரு கண்ணிலும் மூக்கையொட்டிய மூலையில், மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக ஊசிமுனை போன்ற இரு துளைகள் உள்ளன. கண்ணை நனைத்த நீர் அவற்றின் வழியே கண்ணீர்ப் பைக்கும் அங்கிருந்து மூக்குக்கும் வடிகிறது. இச்சிறு வடிகாலைப் பற்றிய மருத்துவ வரலாறு, நெடுங்காலம் அதைத் திறக்க முயன்றவர்களின் வரலாறாகவே இருந்தது.

பாதை அடைபட்டுப் புரையோடினால், காய்ச்சிய இரும்பால் எலும்பு வரை சுடும் முறையை ரோமானியரான செல்சஸ் விவரித்தார். பிரெஞ்சு அறுவை மருத்துவர் டொமினிக் அனெல், 1713இல் டுரின் நகரில் வெளியிட்ட நூலில் மென்மையான வழியைக் காட்டினார்: துளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்திப் பின் நுண்ணிய பீச்சுகுழலால் கழுவுவது. 1904இல் இத்தாலியரான அடேயோ தோத்தி, பையிலிருந்து மூக்குக்குப் புதுவழியே அமைத்தார்.

வழியும் கண்ணீரைப் பற்றியே மருத்துவம் கவலைப்பட்ட காலம் அது. ஊறாத கண்ணீரின் துயரத்தை விரிவாக எழுதியவர் சுவீடனின் ஹென்ரிக் ஷோகிரன். அவருடைய 1933ஆம் ஆண்டு ஆய்வேடு, கண் வறண்ட 19 பெண்களைப் பற்றியது. அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இமைப்பதே வேதனையாகிவிட்ட அத்தகைய கண்களுக்கு என்ன செய்வது? வரவைப் பெருக்க இயலாதபோது செலவைக் குறைப்பதே வழி. 1935இல் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் பீதம், அத்துளைகளை மின்சூட்டால் மூடும் சிகிச்சையை எழுதினார். பழைய சூடு திரும்பி வந்தது. நோக்கம் மட்டும் நேர் எதிராக மாறியிருந்தது.

ஆனால் சுட்டு மூடியதைத் திறப்பது எளிதன்று. கணிப்பு தவறினால், வறண்ட கண் ஓயாது வழியும் கண்ணாகிவிடும். எனவே பரீட்சித்துப் பார்க்கும் வழி தேவைப்பட்டது. 1961இல் ஃபௌல்ட்ஸ், தானே கரைந்துவிடும் ஜெலட்டின் துண்டுகளைக் கால்வாய்க்குள் வைத்தார். 1975இல் அமெரிக்கரான ஜெரி ஃப்ரீமன், வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய சிலிக்கோன் அடைப்பானை அறிமுகப்படுத்தினார். நிரந்தரமாக மூடுவது, வறட்சி கடுமையான கண்களுக்கு இன்றும் செய்யப்படுகிறது.

அடைப்பு புதிதாக ஒரு துளி நீரையும் சுரக்கச் செய்வதில்லை. இருப்பதைக் காக்கிறது, அவ்வளவே. தேங்கும் நீரில் அழற்சிப் பொருள்களும் தங்கிவிடக்கூடும் என்பதால், முதலில் அழற்சியைத் தணிக்கும் மருத்துவர்கள் உண்டு. அனெல் பாடுபட்டுத் திறந்த அதே துளையைப் பின்வந்தோர் பாடுபட்டு மூடினர். இருவர் செய்ததும் மருத்துவமே. எந்தக் கண் தம் முன்னே இருக்கிறது என்று பார்த்தவர்கள் அவர்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.