சாவா மூவாப் பேராடு

திருக்கோயிற் கல்வெட்டுக்களைப் பயில்வோர் அடிக்கடி எதிர்ப்படும் தொடர்களுள் ஒன்று 'சாவா மூவாப் பேராடு' என்பது. சாதலும் மூத்தலும் இல்லாத ஆடுகள் என்பது இதன் நேர்ப்பொருள். அமரர்க்கும் அமிழ்துக்கும் உரிய அடைமொழியைப் புன்செய்க் காட்டில் மேய்ந்து திரியும் எளிய விலங்கின்மேல் நம் முன்னோர் ஏற்றியது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆடு என்னும் சொல்லின் பழைய வடிவம் யாடு. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆண்பாற் பெயர்களாக மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கினைக் கூறும். அப்பர் என்ற அளவில் நாவுக்கரசர் திருவுருவே சைவர் நெஞ்சில் எழும். எனினும் அச்சொல் வேறு, இச்சொல் வேறு. ஆட்டின் குட்டிக்கு மறி என்பது பெயர். அது மானின் கன்றுக்கும் உரியதாகலின், இறைவன் திருக்கரத்திலுள்ளது மான்மறி எனப்படுகின்றது. பண்டை நூல்களில் ஆடு என்பது வெற்றியையும் குறிக்கும். வானநூலார்க்கு அது மேட ராசி. பாண்டி நாட்டுத் திருவாடானைத் தலபுராணமோ, துருவாசர் சாபத்தால் ஆட்டுத் தலையும் யானை உடலும் பெற்ற வாருணி பூசித்துப் பேறு பெற்றமையின் அவ்வூர் ஆடானை ஆயிற்று என்று உரைக்கும். கல்வெட்டில் 'ஆட்டை' என வருமிடத்து மட்டும் விழிப்பு வேண்டும். அது பெரும்பாலும் ஆண்டு என்னும் பொருளது, விலங்கன்று.

இனிப் பேராட்டுக்கு வருவாம். சோழர் காலத்தில் திருக்கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் பொன்னாயினும் நிலமாயினும் ஆடாயினும் கொடுத்தனர். ஆடாயின் 90 என்றும் 96 என்றும் தொகை காணப்படுகின்றது. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அன்றேல் 48 பசு, அன்றேல் 16 எருமை என அளவு வகுக்கப்பட்டிருந்தது. இவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். நாலு உழக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொள்ளின் 90 நாழி நெய் ஆகும். ஆடு ஒன்றுக்கு ஆண்டில் ஏறக்குறைய ஒரு நாழி. இடையனுக்குத் தாங்கவொண்ணாத சுமையன்று. குட்டியும் எஞ்சிய பாலும் அவனுக்கே உரியன.

ஆடு சாகத்தான் செய்யும். நோய் வரும், மழை பொய்க்கும், ஓநாய் கொண்டுபோகும். ஆயினும் ஒன்று விழுந்தால் அதன் இடத்தில் ஒரு குட்டியை நிறுத்தித் தொகையைக் குறையாமற் காத்தல் இடையன் கடன். நூறாண்டு கழித்து எண்ணினும் கிழவாடும் இளவாடுமாகத் தொண்ணூறே நிற்றல் வேண்டும். ஆடு மாறும், தொகை மாறாது. 'சாவா மூவா' என்றது அத்தொகையை நோக்கியே. புலவர் கற்பனை என்பதினும் கணக்கர் மொழி என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. இக்காலத்துக் கட்டளைகளுக்கு வைப்புநிதி வைக்கின்றோம். எண்ணெய் விலை ஏற ஏற, அதன் வட்டி விளக்கின் திரி நனையவும் போதாதாகின்றது. குட்டி போடும் முதலை வைத்தவர் நம்மினும் கூரியர் என்றே சொல்லல் வேண்டும்.

அம்முதலைக் காத்தவனைக் கல்வெட்டு மன்றாடி என்று குறிக்கின்றது. மன்றாடி என்பது தில்லை மன்றில் ஆடும் பெருமானுக்கும் பெயர். தஞ்சையில் அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். ஆகவே மன்றாடி வளர்த்த ஆட்டின் பயன், மன்றில் ஆடுவான் பெயரால் அளக்கப்பெற்று, அவன் திருமுன்னர் விளக்காய் எரிந்தது. இது திட்டமிட்ட சொல்லமைப்பன்று. தமிழ் தானே தந்தது.

தஞ்சைக் கல்வெட்டுக்கள் அவ்விடையர் பெயரையும், உடன் பொறுப்பேற்ற உறவினர் பெயரையும் ஒவ்வொன்றாகப் பொறித்துள்ளன. ஒருவன் தவறின் மற்றவன் நெய் அளத்தற்கே அவ்வேற்பாடு. கல்வெட்டைப் படிப்போர் பலர் அரசன் பெயரும் ஆண்டும் கண்ட அளவில் நின்றுவிடுவர். இடையன் பெயரோ பின்வரும் வரிகளில் இருக்கும்.

திருப்பணிச் செல்வர்க்கு ஒரு விண்ணப்பம். குடமுழுக்கை முன்னிட்டு மணலைக் காற்று விசையோடு பீய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்யும் வழக்கம் பரவியமையால், பல ஊர்களில் எழுத்துக்கள் மழுங்கின. வேறு சில ஊர்களில் அதிட்டானத்தின் மேல் சுண்ணமும் வண்ணமும் பூசப்பட்டன. புதிய தரை உயர்ந்தமையால் கீழ்வரிகள் மண்ணுள் மறைந்தன. ஓநாயும் பஞ்சமும் குறைக்கவொண்ணாத ஆடுகள் இங்ஙனம் நம் கையாற் குறைகின்றன. பணி தொடங்குமுன் எழுத்துள்ள கல் ஒவ்வொன்றையும் படி எடுத்தபின்னரே கொத்தனார் அதனைத் தொடுமாறு செய்க. எடுத்த படியில் அரசன் பெயர் இல்லை, ஓர் இடையன் பெயரே உளது என்று யாரேனும் ஒதுக்கினால், அதனையும் வாங்கிக் கோயிற் பேழையில் வைப்பிக்க.