தாமலசெருவில் பிறந்த விண்ணப்பம்

பிரெஞ்சு மொழியில் உதவி கேட்பவர், தமிழில் 'நீங்கள்' என்பதுபோல, 'வூ' என்ற பன்மையால் எதிரில் இருப்பவரை மதித்து அழைப்பார். கேட்பதையும் கட்டளையாகச் சொல்லாமல் 'முடியுமா' என்ற சாயலில் தணித்துச் சொல்வார். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமையிலிருந்து பிரெஞ்சுக்காரரை நாடி வந்த வேண்டுகோள்கள் அந்த மொழியில் வந்தவை அல்ல. நவாபுகளின் அரசு மொழி பாரசீகம். புதுச்சேரி ஆளுநருக்கும் உள்நாட்டாருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள் நின்றார்கள். பணிவும் மரியாதையும் சொல்லோடு நிற்கவில்லை. வாயிலில் எதிர்கொள்ளும் முறையும் அனுப்பும் பரிசும் அவற்றில் அடக்கம்.

அத்தகைய வேண்டுகோள்களுள் மிகப் பெரிய விண்ணப்பத்துக்குக் காரணமான இடம், சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பாகாலாவை அடுத்துள்ள தாமலசெருவு. 1740 மே 20 அன்று அங்குள்ள கணவாயில் ரகுஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படை ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி கானை வென்றது. நவாபும் அவர் மகன் ஹசன் அலியும் களத்திலேயே மாண்டார்கள். சில நாட்களில் நவாபின் மனைவி, குடும்பத்தோடும் செல்வத்தோடும் புதுச்சேரியின் வாயிலுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்.

ஆளுநர் துய்மா ஆலோசனைச் சபையைக் கூட்டினார். கதவைத் திறந்தால் மராத்தியரின் கோபம் நிச்சயம். மூடினால் நவாபு வம்சத்தின் நட்பு என்றைக்கும் இல்லை. சபை திறக்கச் சொன்னது. துய்மா தாமே வாயிலுக்குச் சென்று, அரசகுலத்தாருக்குரிய மரியாதையோடு அவர்களை அழைத்துவந்தார். நவாபின் மருமகன் சந்தா சாகிபின் மனைவியும் மகனும் அதே ஊரில் தஞ்சம் பெற்றனர்.

பிறகு ரகுஜியின் கோரிக்கை வந்தது. கப்பம் கட்ட வேண்டும், சந்தா சாகிபின் குடும்பத்தையும் அவர்களது செல்வத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்றார். துய்மா இரண்டையும் மறுத்தார். ஆனால் கோரிக்கையைக் கொண்டுவந்த தூதரை அவமதிக்கவில்லை. கோட்டையையும் பீரங்கிகளையும் அவருக்குக் காட்டி, பிரெஞ்சு மதுப் புட்டிகளைப் பரிசாகக் கொடுத்தனுப்பினார். அந்த மது ரகுஜியின் வீட்டாருக்குப் பிடித்துப்போக, மேலும் வேண்டும் என்று கேட்டு ஆள் வந்ததாகவும், துய்மா விலை வாங்காமல் அனுப்பியதாகவும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மது மட்டுமே படையைத் திருப்பியது என்பது மிகை. கோட்டையின் வலிமையைத் தூதர் கண்ணால் கண்டு சென்றதற்கே அதில் பெரும்பங்கு. ரகுஜி புதுச்சேரியைத் தாக்காமலே திரும்பினார்.

அடைக்கலம் கொடுத்த புகழ் தில்லி வரை எட்டியது. பேரரசர் முகமது ஷா துய்மாவுக்கு நவாபு பட்டமும் 4,500 குதிரைவீரர்களுக்குரிய மன்சப் பதவியும் வழங்கினார். அவருக்குப் பின் 1742 ஜனவரியில் ஆளுநராகப் பொறுப்பேற்ற துய்ப்ளேக்ஸுக்கு அந்தச் சிறப்பு மரபுரிமையாகக் கிடைத்தது.