லிப்டனும் அவரது தோழரும்

ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தோட்டத்தினூடாக மேலேறினால் 'லிப்டன் சீட்' வந்துவிடும். தமது தோட்டங்களைப் பார்வையிடச் சேர் தோமஸ் லிப்டன் வந்தமரும் இடமாம். அவரது வர்த்தகத்தை அறியாதவர் மலையகத்தில் இல்லை. அவரது அந்தரங்க வாழ்க்கையை அறிந்தவர்களோ மிகச் சிலர்.

1848இல் கிளாஸ்கோவில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். மளிகைக் கடைகளால் செல்வந்தரானார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்ததால் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. 1890இல் வந்து வாங்கிப் போட்டார். கொழுந்து பறித்த எம்மவரின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. 1948இல் அவர்களின் வாரிசுகளிடமிருந்து குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அது தனிக்கதை.

தேயிலைக்கு அடுத்தபடியாக லிப்டனுக்குப் புகழ் தந்தது விளையாட்டு. அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பற் போட்டிக்கு 'ஷாம்ரொக்' என்னும் பெயரில் 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து தடவை கப்பல் அனுப்பி ஐந்திலும் தோற்றார். கடைசித் தோல்வியின்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மனமிரங்கிய அமெரிக்க மக்கள், நகைச்சுவையாளர் வில் ரொஜர்ஸின் வேண்டுகோளை ஏற்றுப் பணம் சேர்த்து அவருக்குத் தங்கக் கிண்ணமொன்றை வழங்கினர். உதைபந்தாட்டத்திலும் அவர் பெயருண்டு: பீபாவின் முதலாவது உலகக் கிண்ணத்துக்கு இருபத்தொரு ஆண்டுகள் முன்னதாக, 1909இல், இத்தாலியின் டூரின் நகரில் அவரது கிண்ணத்துக்காகப் பன்னாட்டு அணிகள் மோதின. வென்றது சுரங்கத் தொழிலாளர் மிகுந்த வெஸ்ட் ஓக்லண்ட் என்ற ஆங்கிலேயக் கிராமத்து அணி. 1911இலும் அதுவே வென்றது.

அவர் மணம் முடிக்கவில்லை. தம் தாய்க்கு நிகரான பெண்ணைக் காணவில்லை என்று சொல்லி வந்தார். பெண்களின் அபிமானி என்ற தோற்றத்தையும் பேணினார். பத்திரிகைகள் அதை நம்பின. (நம்புவதற்குச் செய்தி கிடைத்தால் நாங்கள் துருவுவதில்லை, எமது தொழிலின் பழைய வியாதி அது.)

ஆனால் 1998இல் ஜேம்ஸ் மக்கே எழுதிய வாழ்க்கை வரலாறு வேறு கதை சொல்கிறது. லிப்டனின் தொடக்ககாலக் கடை உதவியாளர் வில்லியம் லவ் என்பவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவரது துணைவராக, ஒரே வீட்டில் வாழ்ந்தார் என்பது அவரது முடிவு. கடைக் காலத்து நட்பு அப்படி வளர்ந்தது என்றால், ஊவாவில் தோட்டம் வாங்கிய 1890ஆம் ஆண்டும் அந்தக் காலத்துக்குள் அடங்கும் என்றே நான் கணக்கிடுகிறேன்.

ஏன் மறைத்தார் என்று கேட்கத் தேவையில்லை. 1885இல் பிரித்தானியா ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்கும் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதன்கீழ் 1895இல் எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டுக்கு இரண்டு ஆண்டுக் கடூழியச் சிறை. மூன்றாண்டுகளில், 1898இல், லிப்டனுக்குச் சேர் பட்டம்! உண்மை வெளிப்பட்டிருந்தால் பட்டம், வியாபாரம், படகு எதுவும் எஞ்சியிராது.

இலங்கைக்கும் அதே ஆட்சியாளர்கள் 1883இல் தண்டனைச் சட்டக் கோவையைத் தந்தனர். அதன் 365ஆம் பிரிவு சுதந்திரத்தின் பின்னரும் நீடித்தது. 1995இல் 365 'ஏ' பிரிவு திருத்தப்பட்டுப் பெண்களையும் உள்ளடக்கியது. அதை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லிப்டன் 1931 ஒக்டோபர் 2இல் காலமானார். வியாபாரியென ஒதுக்கியிருந்த பிரபுக்களின் படகுக் கழகம், அவ்வாண்டில்தான் அவரை உறுப்பினராகச் சேர்த்திருந்தது. சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகருக்குச் சென்றது.